மிகிந்தலை மலையில் ஒரு நாள்



மலையேறுதல் நம் ஊரார்க்குப் புதிதன்று. ராபர்ட்சன்பேட்டை, மாரிக்குப்பம், சாம்பியன் ரீப்ஸ், ஊரிகம் ஆகிய இடங்களில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டிமார், மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து, மலைக்கோயில்களுக்கு நடந்தவர்கள்; முடி கொடுத்தவர்கள்; முழங்காலிட்டுப் படியேறியவர்கள். பத்தாயிரம் அடிக்கும் கீழே பூமிக்குள் இறங்கிப் பொன் தோண்டிய அம்மக்கள் மலைமேல் ஏறிக் கேட்டது பெரும்பாலும் ஒன்றே: கீழே இறங்கியவர் உயிரோடு மேலே வரவேண்டும் என்பது. அவ்வேண்டுதலை நாம் ஒருநாளும் இகழோம். அஃது அச்சத்திலும் அன்பிலும் பிறந்தது.

நாமோ திரிசரணம் அடைந்தோம், பஞ்சசீலம் ஏற்றோம். சுரங்கங்களும் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டன. இன்று நம் பிள்ளைகள் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். ஆயினும் யாத்திரை நின்றபாடில்லை. புத்தகயைக்கும் சாரநாத்துக்கும் நாகபுரிக்கும் அநுராதபுரத்துக்கும் நாம் செல்கின்றோம். அங்ஙனமாயின் மலை மாறியதேயன்றி மனம் மாறியதா? இவ்வினாவை எழுப்பியவர் கற்றறிந்த பண்டிதர் அல்லர். இலங்கையில் மிகிந்தலை மலையடியில் எம்முடன் நின்ற எழுபது வயது கடந்த அன்னையார் ஒருவர். அவருடைய வினாவுக்கு அன்று மாலைக்குள் கிடைத்த விடையை அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. ஏன் அந்த மலை?

இலங்கைக்கும் நம் சங்கத்தார்க்கும் உள்ள தொடர்பு நேற்று வந்ததன்று. க. அயோத்திதாச பண்டிதர் 1898ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்புக்குச் சென்று, சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழ் நம் தங்கவயலின் தொழிலாளர் வீடுகளிற் படிக்கப்பெற்றது. அவர் 1914இல் மறைந்த பின்னர், அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் அவ்விதழ் 1920களில் இத்தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. ஆகவே கடல் கடந்து அங்கே செல்வோர், தம் முன்னோர் சென்ற வழியிலேயே செல்கின்றனர் எனலாம்.

அநுராதபுரத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் மிகிந்தலை உள்ளது. பழைய நூல்கள் இதனை மிஸ்ஸக பர்வதம் என்றும் சேதியகிரி என்றும் வழங்கும். அசோகப் பேரரசரின் மைந்தராகிய மகிந்த தேரர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் போசன் பௌர்ணமியன்று இம்மலையில் தேவானம்பிய திஸ்ஸ மன்னனைச் சந்தித்தார் என்பது இலங்கை மரபு. இட்டியர், உத்தியர், சம்பலர், பத்தசாலர் என்னும் நான்கு தேரர்களும், சங்கமித்திரையின் புதல்வராகிய சுமண சாமணேரரும், பண்டுகன் என்னும் உபாசகரும் அவருடன் வந்தனர். அவர் பின்னாளில் இம்மலையிலேயே மறைந்தார். மகிந்தரின் பெயரே மலைக்கு நிலைத்தது.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அத்தேரர்கள் வான்வழியே பறந்து வந்து மலையுச்சியில் இறங்கினர் என்று மகாவம்சம் பாடும். அந்நூல் நிகழ்ச்சிக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பெற்றது. வியப்பைச் சேர்த்துரைப்பது காவிய மரபு. மலையைச் சுற்றியுள்ள கற்குகைகளோ வேறு வகைச் சான்று. மழைநீர் உள்ளே வழியாவண்ணம் பாறையின் நெற்றியில் வரம்பு வெட்டப்பட்டுள்ளது. அதன் கீழே பிராமி எழுத்தில் குகையை ஈந்தோர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. முன்னதைக் கதையாகக் கேட்கலாம். பின்னதைக் கையால் தொட்டறியலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதிருப்பது பௌத்தனுக்கு அழகு.

2. மலையடியில் மருத்துவமனை

நாம் பதினொருவர், அநுராதபுரத்திலிருந்து அதிகாலையிற் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் மலையடியை அடைந்தோம். போசன் பௌர்ணமியில் அங்கே மக்கள் வெள்ளம் திரளும். நாம் சென்றது ஒரு சாதாரண நாள். படிகளை நெருங்குமுன்னரே பழைய மருத்துவமனை ஒன்றின் இடிபாடு கண்ணிற்படுகின்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் சேன மன்னன் அமைத்தது எனக் கூறுவர். முற்றத்தைச் சூழ்ந்து நோயாளிகளுக்கான சிற்றறைகள். ஓரிடத்தில் ஒரே கல்லில் மனித உருவின் அளவுக்குக் குடைந்த தொட்டி. மூலிகைத் தைலத்தையோ கஷாயத்தையோ அதில் நிரப்பி நோயாளியைக் கிடத்துவர். தலைக்கும் தோளுக்கும் காலுக்கும் இடம் தெரியும்படி கல் செதுக்கப்பட்டுள்ளது.

அன்னையார் அத்தொட்டியருகே நெடுநேரம் நின்றார். அவருடைய கணவர் சுரங்கத்தில் முப்பதாண்டு உழைத்தவர். கல்தூசி நுரையீரலில் படிந்து, படுக்கவும் இயலாமல் உட்கார்ந்தவாறே இரவுகளைக் கழித்து இறந்தவர். அத்தகையோர் வாழாத தெரு நம் ஊரில் இல்லை என்பதை அன்பர்கள் அறிவர். “கோயிலுக்குப் போகும் வழியில் வைத்தியசாலையா, தம்பி?” என்று அவர் கேட்டார். “கோயிலுக்கு முன்னே வைத்தியசாலை, அம்மா” என்றோம்.

அச்சொல்லை அப்போது எளிதாகச் சொல்லிவிட்டோம். பின்னர் எண்ணிப் பார்க்க, அதிற் பெரும்பொருள் இருந்தது. நோயுற்ற பிக்கு ஒருவர் தம் அழுக்கிலேயே கவனிப்பாரற்றுக் கிடந்தபோது, பகவான் ஆனந்தருடன் சேர்ந்து தம் கையாலேயே அவரைக் கழுவிக் கிடத்தினார் என்றும், நோயாளிக்குப் பணி செய்தல் தமக்குப் பணி செய்தலுக்கு ஒப்பாகும் என்று பிக்குகளுக்கு உணர்த்தினார் என்றும் விநய பிடகம் கூறும். அவ்வுணர்வு அறிவுரையாக நின்றுவிடாமல், இங்கே சுவராகவும் அறையாகவும் தொட்டியாகவும் எழுந்தது. நோய் தீர வேண்டுதல் ஒரு நிலை. நோய் தீர்க்க இடம் அமைத்தல் மற்றொரு நிலை.

3. அன்னையார் கேட்ட வினா

மிகிந்தலையின் படிகள் 1840 என்பர். அடிவாரத்தில் அவை மிக அகலமானவை; ஏற்றம் மெல்லியது; இருமருங்கும் மரநிழல். இடைத்தளம் வரை வண்டி செல்லும் சாலையும் உண்டு. அன்னையாரைச் சாலைவழி வருமாறு வேண்டினோம், அவர் மறுத்தார். முதல் தளத்தில் இளைப்பாற அமர்ந்தபோதுதான் அவ்வினா பிறந்தது.

“இளவயதில் மலையேறினேன். அப்போது கேட்பதற்கு ஒன்று இருந்தது. கேட்பதற்கு ஒருவரும் இருந்தார். அவர் கொடுத்தாரோ இல்லையோ, கேட்டோம் என்ற ஆறுதல் இருந்தது. இங்கே யாரிடம் என்ன கேட்பது, தம்பி? கேட்பதற்கு ஒன்றுமில்லை என்றால் இந்தக் காலை நோகவைத்து ஏன் ஏறுகிறோம்?”

எம்முடன் வந்த இளைஞர் ஒருவர், “வரலாறு காண ஏறுகிறோம்” என்றார். அன்னையார் புன்னகைத்தார், ஏற்றுக்கொள்ளவில்லை. வரலாறு காண்பதற்குப் புத்தகம் போதும் என்று அவர் எண்ணியிருக்கலாம். நாமும் விடை தேடினோம், கிடைக்கவில்லை. “மேலே சென்று பேசுவோம், அம்மா” என்று சொல்லி எழுந்தோம்.

4. அன்னசாலையும் கணக்கும்

இடைத்தளத்தில் பிக்குகளின் அன்னசாலை இருந்த இடம் உள்ளது. சோறு நிரப்பும் நீண்ட கல்தொட்டியைக் கண்டு எம் குழுவினர் வியந்தனர். அதனருகே வாயிலின் இருபுறமும் ஆளுயரத்தை மிஞ்சிய இரு கற்பலகைகள் நிற்கின்றன. நான்காம் மகிந்த மன்னன் காலத்து, அஃதாவது பத்தாம் நூற்றாண்டின் கல்வெட்டு அவற்றில் நெருக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளது. அது மன்னன் புகழைப் பாடி நின்றுவிடவில்லை. விஹாரையை எவ்வாறு நடத்துவது என்னும் விதிகளை வகுத்துரைக்கின்றது. பிக்குகள் வைகறையில் எழுந்து தியானித்துப் பின் உணவுக்கு வரவேண்டும். பணியாளர் ஒவ்வொருவர்க்கும் இன்ன நிலம், இன்ன அளவு அரிசி என ஊதியம் குறிக்கப்பட்டுள்ளது. அன்றாடச் செலவைப் புத்தகத்தில் எழுதிப் பேழையிற் பூட்டி வைக்கவேண்டும். திங்கள்தோறும் கணக்கு முடிக்கவேண்டும். ஆண்டிறுதியில் அதனைப் பிக்கு சங்கத்தின் நடுவே படித்துக் காட்டவேண்டும்.

அன்பர்களே, புனித மலையின் நடுவே கல்லில் எழுதி வைத்தது கணக்கு விதி! காணிக்கை எங்கே போயிற்று என்று கேட்பது பக்திக்குக் குறைவு என்று நம்முட் சிலர் கருதுகின்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு கருதவில்லை. நம் சிறு சங்கங்கள் பல, கொள்கைப் பகையால் அல்லாமல் கணக்குத் தகராற்றாலேயே உடைந்தன என்பதை நாம் அறிவோம். சந்தா நோட்டைத் திறந்து வைப்பதும் சீலத்தின் பகுதியே.

5. மாமரத்தடி வினாக்கள்

மேலும் ஏறினால் அம்பஸ்தலம் என்னும் சமதளம். அம்பம் என்றால் மா. மன்னனும் தேரரும் சந்தித்த இடம் இதுவே என்று ஒரு வெண்தூபி எழுப்பப்பட்டுள்ளது. அதனைச் சூழ்ந்து கற்றூண்கள். இங்கே காலணியும் தொப்பியும் கழற்றிச் செல்லவேண்டும்.

மன்னன் அன்று வேட்டைக்கு வந்தவன். மானைத் துரத்தி வந்தவனை, மரத்தடியில் நின்ற ஒருவர் பட்டப்பெயர் ஏதுமின்றித் திஸ்ஸா என்று அழைத்தார். அவன் அச்சம் தெளிந்து வில்லைக் கீழே வைத்தபின், தேரர் உடனே தம்மம் சொல்லத் தொடங்கவில்லை, முதலில் வினவினார். இந்த மரத்தின் பெயர் யாது? மா. இதனையன்றி வேறு மாமரம் உண்டா? பல உண்டு. மா அல்லாத மரங்கள் உண்டா? அவையும் பல. அந்த மாமரங்களையும் மா அல்லாத மரங்களையும் நீக்கினால் எஞ்சும் மரம் எது? இந்த மாமரமே என்றான் மன்னன். பின்னர் அதே முறையில், உனக்கு உறவினர் உளரா, உறவினர் அல்லாதார் உளரா, அவ்விரு திறத்தாரையும் நீக்கினால் எஞ்சுவோர் யார் என்று கேட்டார். எஞ்சுவது நானே என்றான் மன்னன்.

இதனைச் சிறுபிள்ளை விடுகதை எனச் சிலர் நகைப்பர். தேரர் கேட்பவனின் அறிவை அளந்தார். அறியாதவன்மேல் தம்மத்தைச் சுமத்தவில்லை. அதுவே முதற் பாடம். இரண்டாவது பாடம் நமக்கே உரியது. உலகத்தாரை நம்மவர், பிறர் என்று பிரித்தறிய நாம் மிக வல்லவர்கள். அப்பிரிவினையால் நாமே தலைமுறை தலைமுறையாகத் துன்புற்றோம். துன்புற்றபின் நாமும் அக்கணக்கையே கற்றுக்கொண்டோம். அக்கணக்கில் எப்போதும் விடுபட்டுப்போவது ஒருவரே. அவர் தாம். என் மனத்தில் இருப்பது யாது, என் சினம் தணிந்ததா, என் சொல் மெய்யா என்று கேட்பார் அரியர்.

6. யானையின் அடிச்சுவடு

வினாக்கள் முடிந்தபின் மகிந்தர் மன்னனுக்கு உரைத்த முதல் உபதேசம் சூளஹத்திபதோபம சூத்திரம் என்பர். யானை அடிச்சுவடு என்னும் உவமையைக் கொண்ட இது மஜ்ஜிம நிகாயத்தில் 27ஆவதாக உள்ளது. அதன் கருத்தை அம்பஸ்தலத்து நிழலில் அமர்ந்து நாம் எடுத்துரைத்தோம்.

பிலோதிகர் என்னும் பரிவிராஜகர், பகவானோடு வாதிட வந்தோர் பலரும் அவருடைய மாணவராகத் திரும்பியதைக் கண்டு, இவர் உண்மையாகவே ஞானம் பெற்றவர் என்று புகழ்ந்தார். காட்டில் பெரிய அடிச்சுவட்டைக் கண்டவன் பெரிய யானை உண்டு என முடிவு கட்டுவதுபோல அவர் முடிவு கட்டினார். ஜானுசோணி என்னும் அந்தணர் இப்புகழுரையைப் பகவானிடம் சென்று கூறினார். வேறொருவராயின் மகிழ்ந்திருப்பார். பகவானோ, அவ்வுவமை நிறைவு பெறவில்லை என்றார். குட்டையான பிடிகளுக்கும் பெரிய அடி உண்டு, ஆதலால் தேர்ந்த வேடன் சுவட்டைக் கண்டதும் முடிவு கட்டான், தொடர்ந்து செல்வான். உயரத்தில் உராய்ந்த தடமும், தந்தம் கீறிய அடையாளமும், முறிந்த கிளையும் கண்டாலும் அவன் தொடர்ந்தே செல்வான். களிற்றை நேரிற் கண்டபின்னரே இதுவே அது என்பான். அவ்வாறே மாணவனும் சீலத்திலும் புலனடக்கத்திலும் தியானத்திலும் படிப்படியே முன்னேறி, துக்கம் முதலிய நான்கு உண்மைகளைத் தானே கண்டு, மன அழுக்கு அற்றபின்னரே முடிவுக்கு வரவேண்டும்.

ஒரு தீவு முழுவதும் பௌத்தம் தழுவுவதற்குக் காரணமான முதல் உபதேசம், அவசரப்பட்டு நம்பாதே என்பதாக அமைந்தது எத்துணைச் சிறப்பு!

அப்போது நம் இளைஞர் எழுந்து ஓர் ஐயம் உரைத்தார். “இங்கும் மலர் வைக்கின்றனர், விளக்கேற்றுகின்றனர், வணங்குகின்றனர். நாம் விட்டுவந்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?” அவருடைய ஐயமும் ஒரு சுவட்டைக் கண்டு கட்டிய முடிவே. நம்புவதில் அவசரம் கூடாதது போலவே மறுப்பதிலும் அவசரம் கூடாது. மலர் வைப்பவர், இம்மலர் வாடுவதுபோல் என் உடலும் வாடும் என்று எண்ணி வைப்பாராயின் அஃது ஒரு பாடம். மலருக்கு ஈடாக ஒன்று கிடைக்கும் என்று வைப்பாராயின் அது பழைய வாணிகமே. கையைப் பார்த்து இதனை அறிய முடியாது.

இவ்வுவமையைக் கொண்டே கசப்பான உண்மை ஒன்றையும் சொல்லவேண்டியுள்ளது. அந்நாட்டில் 1983 முதல் 2009 வரை நடந்த போரையும், அதில் தமிழ் மக்கள் பட்ட துயரையும் மறந்துவிட்டு நாம் அம்மலையேறவில்லை. பௌத்தம் என்னும் பெயர், காவி, தூபி ஆகியவை அனைத்தும் அடிச்சுவடுகளே. அவை இருந்தும் மைத்திரி இல்லாதிருக்கக் கூடும். இது பிறரைக் குறித்து மட்டும் சொல்லியதன்று; சான்றிதழில் பௌத்தர் என்று எழுதிக்கொண்ட நம்மையும் குறித்ததே.

மறுபுறம், பௌத்தம் தமிழருக்கு அயலானது என்போரும் சுவட்டைச் சரிவரப் பாராதவரே. பாலி மொழியில் நூல்கள் இயற்றிய புத்ததத்தர் சோழநாட்டவர். நாகப்பட்டினத்துச் சூடாமணி விஹாரைக்கு முதலாம் இராசராசன் ஊர் ஈந்தான். திருகோணமலைப் பகுதியில் உள்ள வெல்கம் விஹாரை, சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது; தமிழர் அளித்த கொடைகளைக் கூறும் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே இன்றும் உள்ளன.

7. உச்சியும் இறக்கமும்

பிற்பகலில் மகிந்தரின் குகைக்குச் சென்றோம். ஒரு பெரும்பாறையின் கீழ் ஒருவர் படுக்கத்தக்க கற்படுக்கை, இருபுறமும் திறந்த வெளி, வேறொன்றுமில்லை. பேரரசரின் மகன் உறங்கிய இடம் என்று மரபு கூறும் அவ்விடத்தின் எளிமை, எம் குழுவில் வீடு கட்டக் கடன்பட்டிருந்த இருவரை நெடுநேரம் மௌனமாக்கிற்று. பின்னர் ஆராதனைப் பாறையில் இரும்புப் பிடிகளைப் பற்றி இளைஞர் சிலர் ஏறினர். மகாசேய தூபியின் தளத்திலிருந்து நோக்க, காடும் ஏரியும் பரந்த சமவெளியில் அநுராதபுரத்துத் தூபிகள் தொலைவில் தெரிந்தன.

அத்தளத்தில் சிங்கள மூதாட்டி ஒருவர் தாமரை மலர்களோடு வந்தார். எம் அன்னையாரின் கை வெறுமையாக இருப்பதைக் கண்டு, தம் மலர்களிற் பாதியை எடுத்து அவர் கையில் வைத்தார். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. இருவரும் அருகருகே மலர் வைத்தனர். அவர் உறவினரா, அல்லாதாரா? மாமரத்தடிக் கணக்கில் அவரை எங்கே வைப்பது என்று நமக்குத் தெரியவில்லை.

இறங்கும்போது, மருத்துவமனை இடிபாட்டின் அருகே அன்னையார் மீண்டும் நின்றார். “மேலே சென்று பேசுவோம் என்றீர்களே, தம்பி, பேசவேண்டாம். கேட்பதற்கு இங்கே ஒன்றுமில்லை என்று காலையில் சொன்னேன். கேட்கத்தான் கூடாது போலும். மேலே போய்க் கேட்டுக்கொண்டு வருவதில்லை. கீழே போய்ச் செய்வதற்கு வருகிறோம். எங்கள் தெருவில் மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க யாரும் போவதில்லை; நானும் போவதில்லை.” இவ்வளவே அவர் சொன்னார்.

ஊர் திரும்பிய பின், ஞாயிறுதோறும் அந்நால்வரின் வீடுகளுக்கு இருவர் இருவராகச் சென்று வருவதென எம் குழு முடிவு செய்தது. ஒருவர்க்கு மருந்து வாங்கி வருதல், ஒருவர்க்கு மருத்துவமனைக்குத் துணை செல்லல், மற்றிருவர்க்கு அருகிலிருந்து பேசுதல், இவ்வளவே பணி. முதல் வாரம் அன்னையாரே முன்னே நடந்தார்.

8. பாடத்தின் தொகுப்பு

யாத்திரைத் தலம் என்பது அடிச்சுவடு. அதனை இகழ்வோன் வழியை இழப்பான். அதனையே யானையென்று வணங்கி நிற்போனும் வழியை இழப்பான். சுவட்டைக் கண்டு தொடர்ந்து நடப்பவனே பயன் பெறுவான். பௌத்தன் மலையேறுவது வரம் கேட்பதற்கன்று. முன்னோர் செய்ததைக் கண்டு, தான் செய்யவேண்டியதை அறிதற்கே.

அடுத்த வகுப்பிற்கு முன் அன்பர்கள் தம்முட் கலந்து சிந்திக்கத்தக்க வினாக்கள்:

மகிந்த தேரர் உபதேசத்திற்கு முன் வினாக்களைக் கேட்டது ஏன்? நம் பிள்ளைகளுக்குத் தம்மம் கற்பிக்கும்போது நாம் அவ்வாறு செய்கின்றோமா?

பெரிய அடிச்சுவட்டைக் கண்டும் வேடன் முடிவு கட்டாததன் காரணம் யாது?

நம் சங்கத்தின் வரவு செலவு கடைசியாக எப்போது எல்லோர் முன்னிலையிலும் படிக்கப்பட்டது?

நம் தெருவில் நோயுற்றுத் தனித்திருப்போர் எத்தனை பேர்? அவர்களுள் நம் உறவினர் அல்லாதார் யாவர்? அவர்களிடம் இவ்வாரம் செல்பவர் யார்?

கடைசி வினாவுக்கு விடையை நோட்டில் எழுதுதல் வேண்டா. ஞாயிறன்று நேரிற் சென்று அறிக.

சாது! சாது! சாது!